முதுகெலும்பில் கை வைக்க இரண்டு நாள் சான்றிதழ் போதாது

முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர்களுக்கு அனுமதி வழங்கும் மருத்துவமனைக் குழுக்களுக்கும், எண்டோஸ்கோப் பயிற்சிக்குச் சான்றிதழ் தரும் சங்கங்களுக்கும்,

நான் முதுகெலும்பு ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் செவிலியர். பல வருடங்களாக இதே வேலை. நான் இருக்கும் மருத்துவமனையின் குழு அண்மையில் ஒரு முடிவெடுத்திருக்கிறது. எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) வழியாக, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கிலிருந்து பிதுங்கிய துண்டை அகற்றும் அறுவை சிகிச்சையைப் புதிதாகத் தொடங்கும் மருத்துவர், இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்ட சான்றிதழைக் காட்டினால் போதுமாம். ஆரம்ப கேஸ்களில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றிருந்த பழைய விதியை எடுத்துவிட்டார்கள். மேற்பார்வைக்கு ஆள் கிடைப்பதில்லை, காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வேறு மருத்துவமனைகளில் வேலை செய்யும் தோழிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் ஒரு குழுவுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை முறை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முதுகுத் தசையை எலும்பிலிருந்து நீளமாக விலக்கி, இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் ஆபரேஷன்களில் நின்றிருக்கிறேன். ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் வழியாக அதே டிஸ்க் துண்டு வெளியே வருவதையும் பார்த்திருக்கிறேன். நல்ல கையில் இது அபாரமான சிகிச்சை. ரத்த இழப்பு மிகக் குறைவு, தசைக்குச் சேதம் குறைவு, பலர் அன்றைக்கே எழுந்து நடக்கிறார்கள். முழு மயக்கம் கொடுக்கத் தயங்க வேண்டிய முதியவர்களுக்குக்கூட மரத்துப்போகும் ஊசியை மட்டும் போட்டுச் செய்ய முடிகிறது. இவ்வளவு நல்ல முறை கெட்ட பெயர் வாங்கிவிடக் கூடாதே என்ற கவலையும் சேர்ந்துதான் எழுத வைக்கிறது.

வெட்டு சிறியது, ஆகவே வேலையும் சுலபம் என்ற எண்ணம் உங்கள் முடிவுக்கு அடியில் இருக்கிறது. தியேட்டரில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. திறந்து செய்யும்போது எலும்பு கண்ணுக்கு நேரே தெரியும், விரலால் தொட்டுப் பார்க்கலாம், ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தலாம். எண்டோஸ்கோப்பில் இவை எதுவும் கிடையாது. கை ஓரிடத்தில், கண் திரையில். திரையில் தெரிவதோ ஆழம் காட்டாத தட்டையான படம். லென்ஸ் சாய்வாக இருப்பதால் குழாயைக் கொஞ்சம் திருப்பினாலே காட்சி மொத்தமும் மாறிவிடும். தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று புதியவர் திணறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பக்கவாட்டிலிருந்து நுழையும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போய்ச் சேர வேண்டிய இடம், பர்விஸ் காம்பின் என்ற மருத்துவர் வரையறுத்துக் காட்டிய ஒரு சின்ன முக்கோணம். அதன் சாய்ந்த பக்கத்தில் அந்த டிஸ்க் இருக்கும் மட்டத்திலிருந்து வெளியேறும் நரம்பு வேர். அடியில் கீழ் முள்ளெலும்பின் மேல்விளிம்பு. உட்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கும் நரம்பும் அதை மூடிய உறையும். இதற்குள் முதலில் ஊசி போகும், ஊசி வழியாகக் கம்பி, கம்பியின் மேல் விரிப்பான், அதன் மேல் குழாய். வயதானவர்களுக்கு டிஸ்க்கின் உயரம் குறைந்து, மூட்டு தடித்து, இந்த இடமே சுருங்கிக் கிடக்கும். கடைசி மட்டத்தில் இடுப்பெலும்பு உயரமாக இருந்தால் பக்கவாட்டு வழி அடைபட்டுவிடும். குழாய் சற்று மேலே ஏறினாலும் வெளியேறும் நரம்பின் முடிச்சில் இடிக்கும். டிஸ்க் துண்டு முழுசாக வந்துவிட்டது என்று எல்லோரும் திருப்தியாக இருப்போம். மறுநாள் பார்த்தால் நோயாளிக்குப் பழைய குடைச்சல் போயிருக்கும், ஆனால் காலில் துணி பட்டாலே எரிகிறது என்பார்.

தேர்ந்த மருத்துவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி, எந்தக் கோணத்தில் நுழைவது என்று முந்தைய நாளே எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்து வைத்திருப்பார்கள். நுழையும் பாதையில் குடலோ சிறுநீரகமோ வருகிறதா என்றும் பார்த்திருப்பார்கள். தியேட்டரில் ஊசியைக் கையில் எடுக்கும் முன், சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவியின் படத்தில் முள்ளெலும்பின் மேல்தட்டு ஒரே கோடாகத் தெரியும்வரை ரேடியோகிராபரை விடமாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் தலைப்பக்கம் சாய்ங்க... போதும், அப்படியே வைங்க" என்று பொறுமையாகச் சரிசெய்வார்கள். படம் கோணலாக இருந்தால் ஊசிமுனை இருக்கும் இடமும் தப்பாகத்தான் தெரியும். எந்த மட்டம் என்று எண்ணுவதிலும் இதே நிதானம். சிலருக்குக் கடைசி இடுப்பு முள்ளெலும்பு அதற்குக் கீழுள்ள திருவெலும்போடு ஒட்டியிருக்கும். மேலிருந்து எண்ணினால் ஒரு கணக்கு, கீழிருந்து எண்ணினால் இன்னொரு கணக்கு வரும். தவறான மட்டத்தில் ஆபரேஷன் நடப்பதற்கு இது ஒன்றே போதும்.

பயிலரங்கிலிருந்து நேராக வருபவர்களுக்கு இந்த நிதானம் வருவதற்குள் எக்ஸ்ரே மிதியை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கதிர்வீச்சு நோயாளிக்கு, மருத்துவருக்கு, எங்களுக்கு, எல்லோருக்கும்தான். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கத்தில் சிதறல் அதிகம், ஆகவே மறுபக்கம் நிற்க வேண்டும் என்ற அடிப்படையைக்கூடத் தியேட்டர் ஊழியர்கள்தான் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி நான் நேரில் கண்ட ஒன்று. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, மரத்துப்போகும் ஊசியோடு, விழித்தபடி குப்புறப் படுத்திருந்தார். இந்த முறையில் குழாய் வழியாக நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதில்தான் காட்சி தெளிவாகும். ரத்தம் கசிந்து படம் மங்கவே, புதிய மருத்துவர் நீரின் அழுத்தத்தை ஏற்றச் சொன்னார். மறுபடியும் ஏற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, "சிஸ்டர், பின்கழுத்து இறுக்குது" என்றார். படுத்திருக்கும் வாக்கில் கழுத்து பிடித்திருக்கும் என்று சொல்லி, தூக்க மருந்தைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். மயக்கவியல் மருத்துவர் மறுத்துவிட்டார். "முதல்ல தண்ணியக் குறைங்க சார்" என்றார். குறைத்ததும் வலி மெல்ல இறங்கியது.

தண்டுவட உறைக்கு வெளியே நீரின் அழுத்தம் கூடும்போது முன்கூட்டி வரும் அறிகுறி இந்தக் கழுத்து வலி. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரைக்கும் போகும். தூக்க மருந்தைக் கூட்டியிருந்தால் அந்த ஒரே எச்சரிக்கையும் அடங்கியிருக்கும். அந்த மருத்துவர் அசட்டையானவர் அல்ல. நோயாளியிடம் அன்பாகப் பேசுபவர், திறந்த முறையில் நல்ல கைப்பழக்கம் உள்ளவர். இதை அவருக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. பயிலரங்கில் அவர் பழகியது பிளாஸ்டிக் மாதிரியிலும் சடலத்திலும். அங்கே ரத்தம் கசிந்து படம் மங்காது, கழுத்து இறுக்குகிறது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். உயிருள்ள உடம்பில் மட்டுமே தெரியவரும் விஷயங்களை இன்னொரு அனுபவசாலியின் துணையோடு கற்பதுதான் மருத்துவத்தில் காலங்காலமாக இருக்கும் வழி. அந்த வழியைத்தான் நீங்கள் இப்போது அடைத்திருக்கிறீர்கள்.

ஒரு செவிலியரின் அனுபவம் மட்டும் சான்றாகுமா என்று கேட்கலாம். சரி, ஆராய்ச்சிகளையே பாருங்கள். 2022-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வை, எண்டோஸ்கோப் முறையை ஆதரிக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் அதை மதிக்கிறேன். 613 நோயாளிகள், ஒரு வருடக் கண்காணிப்பு, கால்வலி குறைவதில் எண்டோஸ்கோப் முறை நுண்ணோக்கியால் பார்த்துத் திறந்து செய்யும் முறைக்குச் சளைத்ததல்ல என்பது முடிவு. ஆனால் எண்டோஸ்கோப் பிரிவில் ஒதுக்கப்பட்டவர்களில் 125 பேரை, இந்த முறையை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த மருத்துவர்களின் நோயாளிகள் என்பதால், முதன்மைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆய்வாளர்களே கற்கும் காலத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்களோ அந்த நல்ல முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்கும் காலம் என்று ஒன்று இருப்பதையே விதியிலிருந்து நீக்குகிறீர்கள்.

அதே நெதர்லாந்தில் 328 பேரை வைத்து நடந்து 2009-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான இன்னொரு ஆய்வு, குழாய் வழியாகச் செய்யும் டிஸ்க் அறுவை சிகிச்சையை வழக்கமான நுண்ணோக்கி முறையோடு ஒப்பிட்டது. குழாய் முறையில் குணமடைவது விரைவாகவில்லை. கால்வலி, முதுகுவலி அளவீடுகளில் வழக்கமான முறையே சற்று முன்னால் இருந்தது. துளை சிறிதானால் பலன் தானாகக் கூடும் என்ற நம்பிக்கைக்கு இது போதுமான பதில்.

பித்தப்பை அறுவை சிகிச்சையின் வரலாறும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்கும் கருவி) மூலம் பித்தப்பையை அகற்றினார். சில வருடங்களுக்குள் உலகமே அதன் பின்னால் ஓடியது. வார இறுதிப் பயிற்சியோடு ஊர் திரும்பி மறுவாரமே தொடங்கியவர்கள் ஏராளம். பித்தநாளம் அறுபடுவது முன்பைவிடக் கூடியது. அமெரிக்காவில் 55 மருத்துவர்கள் செய்த 8,839 அறுவை சிகிச்சைகளைத் தொகுத்து 1995-ல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட காயங்களில் 90 சதவீதம் ஒரு மருத்துவரின் முதல் 30 கேஸ்களுக்குள் நடந்தவை என்று தெரிந்தது. இதற்கு முன்பே, 1992-ல், மேற்பார்வையில் செய்து தேறாமல் தனியாகச் செய்யக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் வழிகாட்டுதல் கொண்டுவந்திருந்தது. பித்தநாளக் காயத்தையாவது பலருக்குச் சீரமைக்க முடியும். செத்துப்போன நரம்பை யாரால் மீட்டுக் கொடுக்க முடியும்?

கைத்திறனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய திறமை, யாருக்குச் செய்யக் கூடாது என்று தெரிவது. டிஸ்க் பிதுங்கி வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடுகிறது. மறுபக்கம், இரண்டு கால்களும் பலமிழந்து, சிறுநீர் பிரியாமல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போய் வருபவருக்குச் சில மணி நேரத் தாமதமே வாழ்நாள் ஊனமாகலாம். முள்ளெலும்பு நழுவி ஆட்டம் காணும் ஒருவருக்கு டிஸ்க் துண்டை மட்டும் எடுத்துவிட்டால் வலி திரும்பி வரும். துண்டு வெகுதூரம் நகர்ந்திருந்தால் எந்த வழியாக நுழைவது என்பதே தனிக் கலை. இதையெல்லாம் இரண்டு நாளில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் பார்த்த சான்றிதழ்களில் கருவியின் பெயர் இருக்கிறது, நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் அறிவைச் சோதித்ததாக ஒரு வரிகூட இல்லை.

பாதியில் நிறுத்தித் திறந்த முறைக்கு மாறத் தெரிவதும் இதில் சேரும். உறை கிழிந்து தண்டுவட நீர் கசியும்போது, துளையைப் பெரிதாக்கித் தையல் போடும் கை வேண்டும். பழைய முறையில் அதிகம் நின்றிராத இளம் மருத்துவர்கள் நேரடியாக எண்டோஸ்கோப்புக்கு வருவது கூடிவருகிறது. அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு பாதை இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதே இல்லை.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வேலை மருத்துவர் ஒருவரால் மட்டும் நடப்பதல்ல. டிஸ்க் துண்டைப் பிடித்தெடுக்கும் மெல்லிய கிரிப்பரின் நுனி தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நாங்கள் பார்க்காவிட்டால் அது டிஸ்க்குக்குள் முறியும். நீர்ப்பை தீர்வதற்குள் மாற்றாவிட்டால் திரை இருண்டுவிடும். இவற்றைக் கற்றுத் தேர்ந்த செவிலியரை அடுத்த மாதம் கண் பிரிவுக்கு மாற்றிவிட்டு, எண்டோஸ்கோப்பையே பார்த்திராத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள். புதிய மருத்துவர், புதிய செவிலியர், புதிய ரேடியோகிராபர் என்று மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்கும் நாட்கள் வருகின்றன. அந்த நாட்களில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இளைஞர் ஒருவர், லாரி ஓட்டுபவர், ஆபரேஷன் முடிந்த மறுநாள் கால் கட்டைவிரலைத் தூக்க முடியாமல் படுத்திருந்தார். நரம்புக் காயம் எவ்வளவு தேர்ந்த கையிலும் நேரக்கூடியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "சிஸ்டர், டாக்டர் இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணியிருக்கார்?" ஒப்புதல் படிவத்தில் ரத்தக்கசிவு, தொற்று, நரம்புப் பாதிப்பு எல்லாம் அச்சிட்டிருந்தது. அவர் கேட்டது மட்டும் அதில் இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், கத்தி படுவதற்கு முன்பே.

மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்ற உங்கள் காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆள் இல்லாவிட்டால், தொடங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் முறை. காத்திருக்கும் நோயாளிக்கு, நன்கு பழகிய நுண்ணோக்கி முறை இருக்கத்தானே செய்கிறது? 1977-லிருந்தே பயன்பாட்டில் உள்ள முறை அது. எண்டோஸ்கோப் கிடைக்காமல் யாரும் நடக்க முடியாமல் போய்விடப் போவதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

மருத்துவமனைக் குழுக்கள் இரண்டு நாள் சான்றிதழை மட்டும் வைத்து அனுமதி தரும் முடிவை உடனே திரும்பப் பெற வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் பார்வையாளராக, பிறகு உதவியாளராக, அப்புறம் அனுபவமுள்ள ஒருவர் கையுறை போட்டுப் பக்கத்தில் நிற்க எளிய கேஸ்களில் முதன்மை மருத்துவராக வர வேண்டும். எத்தனை கேஸ் என்ற வரம்பை நீங்களே கூடிப் பேசி எழுத்தில் வையுங்கள். ஆனால் எண்ணிக்கை முடிந்ததும் தானாக அனுமதி என்று ஆக்கிவிடாதீர்கள். வெட்டித் தொகுக்காத முழு வீடியோக்களைப் பார்த்து, இவர் தனியாகச் செய்யலாம் என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். திறந்த முறையில் உறைக் கிழிசலைத் தைக்கத் தெரியாதவருக்கு இந்த அனுமதியே கூடாது.

எண்டோஸ்கோப் தியேட்டருக்கு நிலையான குழுவைக் கொடுங்கள். மருத்துவர் புதியவர் என்றால், அன்று நிற்கும் செவிலியரும் ரேடியோகிராபரும் பழகியவர்களாக இருக்கட்டும். நோயாளி கழுத்து வலி என்றோ கால் சுரீர் என்றோ சொன்னால், அறையில் உள்ள யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்ல உரிமை உண்டு, அப்படிச் சொன்னவர் மீது நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் தாருங்கள்.

ஒப்புதல் படிவத்தில் இந்த முறையில் அந்த மருத்துவரின் அனுபவம், மேற்பார்வை உண்டா இல்லையா, மாற்று முறைகள் எவை என்ற மூன்றும் நோயாளிக்குப் புரியும் மொழியில் இடம்பெற வேண்டும். உறைக் கிழிசல், நரம்புப் பாதிப்பு, மறு ஆபரேஷன், தவறான மட்டம், திறந்த முறைக்கு மாறியது ஆகிய ஒவ்வொன்றையும் மருத்துவர்வாரியாகப் பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் நோயாளியைத் தொடர்ந்து விசாரித்து, குழுவின் முன் வையுங்கள்.

சங்கங்களுக்கு: கலந்துகொண்டதற்கான சான்றிதழையும் தேர்ச்சிக்கான சான்றிதழையும் பிரித்துவிடுங்கள். முதல் வகையில், "இது தனியாக அறுவை சிகிச்சை செய்யத் தகுதி அளிக்காது" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கருவி விற்கும் நிறுவனத்தின் செலவில் நடக்கும் பயிலரங்கு, தேர்ச்சியைத் தீர்மானிக்கும் இடமாக இருக்கக் கூடாது. மேற்பார்வை செய்ய முன்வரும் மூத்த மருத்துவர்களின் பட்டியலைத் தயாரித்து, ஆள் இல்லை என்று சொல்லும் மருத்துவமனைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்துக்கொண்டு, எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். அதுவரை, மேற்பார்வையாளர் இல்லாமல் பட்டியலிட்டிருக்கும் எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சைகளை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
முதுகெலும்பு அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர்